மில்லிங்கில் மூலை கோணினால்: கோளாறு மெஷினிலா, வைஸிலா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். சுழலும் கட்டரால் இரும்பைச் சீவும் பழைய டரெட் மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அதோடு கட்டையை இறுக்கிப் பிடிக்கும், சுழலும் அடித்தட்டு கொண்ட 6 அங்குல வைஸ் ஒன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. 50 மி.மீ. சதுரமும் 100 மி.மீ. நீளமும் உள்ள இஎன்8 எஃகுக் கட்டையை நான்கு பக்கமும் ஓட்டிப் பார்த்தால், அடுத்தடுத்த பக்கங்கள் 50 மி.மீ. உயரத்தில் 0.08 மி.மீ. கோணுகின்றன. எதிரெதிர்ப் பக்கங்களின் கனத்தை அகலவாக்கில் அளந்தால் 0.01க்குள் நிற்கிறது, நீளவாக்கில் மட்டும் 0.05 வித்தியாசம் காட்டுகிறது. ரீகண்டிஷன் செய்பவர் வந்து பார்த்துவிட்டு மெஷினை முழுதாகப் பிரித்து ஸ்கிரேப்பிங் (வழித்தடங்களைக் கையால் சுரண்டி மட்டமாக்குவது) செய்ய வேண்டும் என்கிறார். கருவிக் கடைக்காரரோ வெளிநாட்டு வைஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். பணத்தை எதில் போடுவது என்பது உங்கள் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த 0.08 எந்த இடத்தில் உண்டாகிறது? அது தெரியாமல் இருவரில் யாருக்குப் பணம் கொடுத்தாலும் அது சூதாட்டம்தான்.

கோயம்புத்தூரில் டூல்ரூமில் பதினான்கு ஆண்டுகளும் பிறகு சொந்தப் பட்டறையில் எட்டு ஆண்டுகளும் இதே வேலைதான் எனக்கு. இருந்தாலும் உங்கள் மெஷினை நான் தொட்டுப் பார்த்ததில்லை. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியதையும் என் ஊகத்தையும் பிரித்தே எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்த எண்களே பாதி விடையைச் சொல்லிவிட்டன. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் தலை முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருந்து அதனால்தான் 50க்கு 0.08 வருகிறது என்றால், முடித்த பக்கத்தைப் பேரலல் (கட்டைக்கு அடியில் வைக்கும் தேய்த்த பட்டை) மேல் உட்கார வைத்து எதிர்ப்பக்கத்தை ஓட்டும்போதும் அதே 0.08 கனத்தில் அகலவாக்கில் தெரிந்தாக வேண்டும். உங்களுக்கு அது 0.01க்குள் இருக்கிறது. மேலும் 50க்கு 0.08 என்றால் 200 மி.மீ. வட்டத்துக்கு 0.32. அவ்வளவு சாய்ந்த தலையில் சிறிய கட்டரைப் போட்டு இரண்டு ஓட்டமாக ஓட்டினால், ஓட்டங்களுக்கு நடுவே விழும் படி நகத்தில் இடறும். ஆகவே கட்டை பேரலல் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது என்ற ஒரே நிபந்தனையோடு, தலையின் மேல் பழி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று, கட்டை வைஸின் நிலையான தாடையோடு முழுதாக ஒட்டவில்லை அல்லது அந்தத் தாடையே செங்குத்தாக இல்லை. இரண்டு, நீளவாக்கில் வைஸ் மொத்தமாகச் சாய்ந்திருக்கிறது அல்லது கட்டையே வளைகிறது. என் ஊகம், உங்கள் தொல்லையில் பெரும்பகுதி மேசைக்கு மேலே இருக்கிறது.

ஆனால் அளக்கும் கருவியைச் சோதிக்காமல் எதையும் நம்பாதீர்கள். மூலைமட்டம் ஒருமுறை கீழே விழுந்திருந்தால் அதன் பிறகு அது பொய்தான் சொல்லும். நேர்விளிம்புள்ள தகடு ஒன்றின் ஓரத்தில் மூலைமட்டத்தை அணைத்து ஊசியால் ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை என்றால், அவற்றுக்கு இடையே உள்ள விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. இதில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தெரியாது, ஆனால் மட்டம் மோசமாக அடிபட்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால், பக்கத்தில் கிரைண்டிங் செய்யும் பட்டறையில் நான்கு பக்கமும் தேய்த்த கட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் சோதனைகளுக்கெல்லாம் அது வேண்டும். கூடவே பப்பி டயல் என்று நாம் சொல்லும் லீவர் டயல் ஒன்று. இரண்டுக்கும் ஆகும் செலவு, மெஷினைப் பிரித்து மாட்டும் கூலியில் ஒரு மூலைக்கு வராது.

முதல் வேலை வைஸைக் கழற்றுவது. பழைய மேசையில் சுத்தியலும் ஸ்பேனரும் விழுந்த தழும்புகள் நிச்சயம் இருக்கும். ஒவ்வொரு தழும்பைச் சுற்றியும் எழும்பிய உதடு ஒன்று நிற்கும். விரலால் தடவினால் தெரியாது, எண்ணெய்க்கல்லை மட்டமாக வைத்து இழுத்தால் அது மட்டும் பளபளக்கும். அது அடங்கும்வரை தேய்க்க வேண்டும். அரத்தைத் தொடாதீர்கள். பிறகு வைஸைக் கவிழ்த்து அதன் அடிப்பாகத்தையும் அப்படியே. சுழலும் அடித்தட்டைப் பிரித்தால் இரண்டு தட்டுக்கும் நடுவே பல வருடச் சீவல் காய்ந்த பசைபோல் ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள் என்று பந்தயமே கட்டலாம். அந்த அடித்தட்டைத் திரும்ப மாட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கோணத்தில் பிடிக்கும் வேலை மாதத்துக்கு ஒன்று வரும். அதற்காக மற்ற நாளெல்லாம் உயரத்தையும் விறைப்பையும் இழப்பது நஷ்டக் கணக்கு.

வைஸ் இல்லாத மேசையில், 20 மி.மீ. கனமும் உள்ளங்கை அகலமும் உள்ள வார்ப்பிரும்புத் தகடு ஒன்றை நேராகக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். அடிப்பக்கம் தேய்த்ததாக இருக்க வேண்டும். மேலே மெல்லிய ஓட்டம் ஒன்று போட்டு, கழற்றி, நான்கு மூலையிலும் மைக்ரோமீட்டர் வையுங்கள். நான்கும் 0.02க்குள் வந்தால், அந்த அளவு வேலைக்கு மெஷின் நல்ல மெஷின்தான். வைஸ் என்ற பிரதிவாதி இல்லாமல் நடக்கும் விசாரணை இது ஒன்றுதான். இதைச் செய்யாமல் ஸ்கிரேப்பிங் பற்றிப் பேசுபவரிடம் அவர் எதை அளந்தார் என்று கேளுங்கள். மெஷினை ஒழுங்குமுறையாகச் சோதிக்கும் வழக்கத்துக்கு பெர்லின் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர் 1927இல் ஒரு வடிவம் கொடுத்தார். அந்த வழியில் வந்த சோதனை அட்டவணையைத்தான் இன்றும் புது மெஷினோடு தருகிறார்கள். எண் எழுதித் தராத நோயறிதலுக்கு நான் காசு கொடுப்பதில்லை. ஒருமுறை கொடுத்துக் கெட்டதால் வந்த புத்தி அது. சொந்தப் பட்டறை தொடங்கிய இரண்டாம் வருடம், இதே போன்ற கோணலுக்காக மெஷினை ரீகண்டிஷனுக்கு அனுப்பினேன். ஆறு வாரம் வேலை நின்றது. திரும்பி வந்து முதல் கட்டையை ஓட்டினால் அதே கோணல், ஏறக்குறைய அதே அளவு. அன்று மாலை வெறுப்பில் வைஸின் தாடைத் தகட்டைக் கழற்றினேன். பின்னால் குளிர்விப்பு எண்ணெயும் இரும்புத்தூளும் கெட்டிப்பட்டு, கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரு படலமாக உட்கார்ந்திருந்தன. மண்ணெண்ணெயில் துடைத்து மாட்டியதும் கோணல் போய்விட்டது. ரீகண்டிஷன் செய்தவர் மேல் தவறு இல்லை, அவரிடம் தவறான நோயாளியை அனுப்பியது நான்.

ஆகவே தாடைத் தகடுகளைக் கழற்றுங்கள். பின்பக்கத்தையும் அது உட்காரும் இடத்தையும் துடைத்து, எண்ணெய்க்கல் போட்டு, போல்ட்டுகளை ஒரே சீராக இறுக்குங்கள். வைஸைத் திரும்ப மேசையில் பூட்டிய பிறகு, ஒரே உயரப் பேரலல்கள் இரண்டை உள்ளே வைத்து, டயலை அவற்றின் மேல் நீளவாக்கில் ஓட்டுங்கள். உங்கள் 0.05க்கு இங்கே பதில் கிடைக்கக்கூடும். ஊசி ஒரு பக்கமாக ஏறிக்கொண்டே போனால் வைஸ் சாய்ந்திருக்கிறது என்று பொருள். ஊசி அசையாமல் நின்றால் சந்தேகம் உங்கள் இரும்பின் மேல் திரும்புகிறது. நீங்கள் வாங்குவது பிரைட் பாரா என்று எழுதவில்லை. குளிரில் இழுத்த கம்பியின் தோலில் இறுக்கம் தேங்கி நிற்கும். ஒரு பக்கத் தோலை உரித்ததும் மறுபக்கத் தோல் இழுத்து, கட்டை வில்லாக வளையும். வைஸில் இருக்கும்போது நேராக இருந்து, தளர்த்திய மறுநொடி வளைவதால் இது மெஷின் கோளாறு போலவே தோன்றும். நான்கு பக்கத்தையும் அரை மில்லிமீட்டர் விட்டு முதலில் ஓட்டி, தளர்த்தி, பிறகு மெதுவாகப் பிடித்து முடிப்பு ஓட்டம் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி 0.08க்கு வருகிறேன். சாதாரண வைஸில் திருகு நகரும் தாடையின் அடிப்பகுதியைத் தள்ளுகிறது, கட்டையோ மேல்பகுதியில் எதிர்த்து நிற்கிறது. இரண்டு விசைக்கும் நடுவே உயர வித்தியாசம் இருப்பதால் நகரும் தாடை பின்னோக்கிச் சாய்ந்து, வழித்தடத்தில் உள்ள இடைவெளி அளவுக்கு மேலே எழும்புகிறது. எழும்பும்போது கட்டையின் அந்தப் பக்கத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. இதைப் பார்க்க, தேய்த்த கட்டையைப் பிடித்து, அதன் மேல் நகரும் தாடைப் பக்கமாக டயலை வைத்துவிட்டுக் கைப்பிடியை இறுக்குங்கள். பழைய வைஸ்களில் ஐந்து முதல் பத்து டிவிஷன் (டயலில் ஒரு டிவிஷன் 0.01 மி.மீ.) ஏறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் பிறகு என்ன செய்கிறோம்? சுத்தியலால் தட்டி உட்கார வைக்கிறோம். அடிப்பக்கம் பேரலலில் உட்காருகிறது, ஆனால் பக்கவாட்டு முகம் நிலையான தாடையை விட்டு நூலிழை விலகுகிறது. கனம் சரியாக வந்து மூலை மட்டும் கோணும் உங்கள் கதை இதுதான் என்று நினைக்கிறேன். போதாததற்கு, கட்டையின் நகரும் தாடைப் பக்கம் இன்னும் ஓட்டாத கரடுமுரடான முகமாக இருந்தால், தாடை அதோடு ஒட்டப் பார்த்துக் கட்டையைத் திருகிவிடும்.

இதற்கு மருந்து பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த உருளைக் கம்பிதான். 10 அல்லது 12 மி.மீ. கம்பி ஒன்றை நகரும் தாடைக்கும் கட்டைக்கும் நடுவில், பிடித்த உயரத்தின் பாதியில், படுக்கையாக வையுங்கள். இப்போது தாடை ஒரே கோட்டில்தான் தள்ள முடியும். அதனால் கட்டைக்கு நிலையான தாடையோடு முழு முகமாக ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. முதல் பக்கத்தை ஓட்டி, அதை நிலையான தாடைக்குக் கொடுத்து இரண்டாம் பக்கம். பிறகு முதல் பக்கம் தாடையிலேயே இருக்க, இரண்டாம் பக்கம் கீழே போய் மூன்றாவது. இதுவரை கம்பி வேண்டும். நான்காவதில் இரண்டு பக்கமும் முடிந்த முகங்கள் என்பதால் கம்பி தேவைப்படாது. பேரலலுக்கும் கட்டைக்கும் நடுவே நான்கு மூலையிலும் செய்தித்தாள் துண்டு வைத்து இழுத்துப் பாருங்கள். எந்தத் துண்டும் உருவி வரக் கூடாது. ஒரு தாளின் கனம் ஏறக்குறைய 0.07, அதாவது உங்கள் பிழையின் அளவே வடை மடிக்கும் தாளளவுதான். இந்த முறையில் ஓட்டிய கட்டை 0.02க்குள் வந்தால் குற்றவாளி நகரும் தாடை. கம்பி வைத்தும் அதே 0.08 அதே பக்கமாக வந்தால் நிலையான தாடை செங்குத்தாக இல்லை. தகட்டுக்குப் பின்னால் தாள் வைத்துச் சரிக்கட்டலாம் என்பார்கள். அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன், ஆனால் எண்ணெயில் ஊறிய தாள் மறுவாரம் வேறு கனத்தில் இருக்கும். தகட்டை வைஸிலேயே மாட்டி வைத்துக் கிரைண்டிங் செய்வதுதான் ஒழுங்கான வழி.

தலையில் பழி இல்லை என்றேன், அதற்காக அதை விட்டுவிடக் கூடாது. இந்த டரெட் அமைப்பு 1938இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் வந்த மெஷினின் வம்சம். தலையை இரண்டு திசையிலும் சாய்க்கலாம் என்ற வசதிக்குக் கொடுக்கும் விலை, ஒரு பலமான மோதலுக்குப் பிறகு அது தானாகவே சாய்ந்திருக்கலாம் என்பது. ஸ்பிண்டிலில் டயலை மாட்டி 200 மி.மீ. வட்டமாகச் சுற்றி நான்கு இடத்தில் பாருங்கள். 0.02க்குள் வைத்துக்கொள்வது என் பழக்கம். பூட்டு போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது ஊசி நகரும், ஆகவே இறுக்கிய பின் மறுபடி சுற்றாமல் விடாதீர்கள். மேசையைத் தாங்கி மேலும் கீழும் போகும் பாகத்தை ‘நீ’ என்போம். புதிதாக வந்த பையனிடம் ‘நீயை இறுக்கு’ என்றால் அவன் தன்னையே காட்டி விழிப்பான். அந்த நீயின் பூட்டையும் இறுக்கிய நிலையில்தான் சோதிக்க வேண்டும், ஏனென்றால் தேய்ந்த மெஷினில் பூட்டைத் தொட்டாலே மேசையின் முன்பக்கம் சில டிவிஷன் அசையும். கீழே இறக்கி நிறுத்தாமல், எப்போதும் மேலே ஏற்றியபடியே அளவுக்கு வாருங்கள்.

வழித்தடத் தேய்மானம் பற்றி என்னால் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. எல்லோரும் வைஸை மேசை நடுவில் பூட்டி நடுவிலேயே வேலை செய்வதால் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் இல்லாதபடி ஜிப்பை (வழித்தட இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையை) இறுக்கினால் மேசை ஓரங்களில் சிக்கும். ஓரத்துக்கு ஏற்றபடி விட்டால் நடுவில் ஆடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால்தான் ஸ்கிரேப்பிங் பேச்சு நியாயமாகிறது. மேசையை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் பேக்லாஷ் (தளர்வு), கட்டரைப் பிடிக்கும் கோலெட்டின் ரன்அவுட் (மையம் விலகிச் சுற்றுவது) இரண்டையும் நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்மையான குறைகள், ஆனால் துளையின் இடத்தையும் பள்ளத்தின் அகலத்தையும் கெடுக்குமே தவிர மூலையைக் கோணலாக்காது. சூடும் அப்படித்தான்: அறைச் சூட்டை விட 30 டிகிரி அதிகமாகக் கொதிக்கும் 50 மி.மீ. எஃகு 0.017 நீண்டு காட்டும். ஆறவிட்டு அளந்தால் போதும்.

வைஸ் வாங்குவதென்று முடிவானால் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பாருங்கள். தாடை எழும்பாமல் இருக்கச் செய்த அமைப்பை நம் ஊரில் ஆங்கிள்-லாக் என்கிறார்கள். அமெரிக்காவின் கர்ட் நிறுவனம் இதைப் புகழ்பெறச் செய்தது. திருகு இழுக்கும் நட் ஒரு சாய்ந்த முகத்தால், அரைக்கோளம் ஒன்றின் வழியாகத் தாடையைத் தள்ளுகிறது. அதனால் முன்னே போகும் விசையில் ஒரு பகுதி தாடையைக் கீழே அழுத்துகிறது. இறுக்க இறுக்கத் தாடை அமரும். உள்நாட்டிலும் இதே அமைப்பில் நல்லவை கிடைக்கின்றன, அதே வெளித்தோற்றத்தில் உள்ளே சாதாரண நட் வைத்தவையும் கிடைக்கின்றன. கடையிலேயே தாடையைத் தூக்கிப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அரைக்கோளத் துண்டு இருக்க வேண்டும், காட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள். உடல் எஸ்ஜி இரும்பாக (எளிதில் உடையாத வார்ப்பிரும்பு வகை) இருந்தால் நல்லது, சாதாரண வார்ப்பிரும்பு ஓங்கி இறுக்கினால் விரியும், அடிபட்டால் உடையும். தாடை ஓடும் படுகை தேய்த்ததாகவும் கடினமாக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். நிலையான தாடை உடலோடு ஒரே வார்ப்பாக இருப்பதை நான் விரும்புவேன். தாடைத் தகடுகள் கழற்றி மாட்டக்கூடியவையாக, போல்ட் துளைகள் பரவலாகப் புழங்கும் இடைவெளியில் இருந்தால், மென்தகடு செய்து மாட்டி வளைந்த வேலைகளையும் பிடிக்கலாம். அடியில், மேசையின் டி வடிவப் பள்ளமான டி-ஸ்லாட்டுக்கான சாவிப் பள்ளம் இருந்தால் கழற்றி மாட்டும்போது நேரம் மிச்சம். அந்தச் சாவி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் நிலையான தாடையை டயல் வைத்து நேராக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

அளவில் பேராசை வேண்டாம். 6 அங்குல ஆங்கிள்-லாக் வைஸ் 30 கிலோவைத் தாண்டும், தினமும் கழற்றுபவரின் முதுகுக்கு அது தெரியும். உங்கள் மேசை அகலம் 250 மி.மீ. அளவில் இருந்தால் 5 அங்குலம் அழகாக உட்காரும், 6 அங்குலம் கைப்பிடிப் பக்கம் வெளியே நீளும். உங்கள் கட்டைகள் 100 மி.மீ. நீளம்தான் என்பதால் 5 அங்குலமே தாராளம். கிரைண்டிங் மெஷினுக்கான, நான்கு பக்கமும் தேய்த்த டூல்மேக்கர் வைஸை மில்லிங்குக்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதன் சதுரம் அற்புதமாக இருக்கும், ஆனால் கனமான ஓட்டத்துக்கு அது பிறக்கவில்லை. முடிப்பு வேலைக்கு மட்டும் இரண்டாவதாக வாங்கலாம். எந்த வைஸிலும் கைப்பிடியில் பைப் மாட்டி இறுக்காதீர்கள். நிலையான தாடையே பின்னால் வளைந்து கொடுக்கும், மேலே சொன்ன சோதனைகள் அத்தனையும் அதன் பிறகு வீண்.

கடைக்குப் போகும்போது தேய்த்த கட்டையையும் டயலையும் காந்த ஸ்டாண்டையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கேயே கட்டையைப் பிடித்து இறுக்கி, எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். 0.02க்கு மேல் எழும்பும் புது வைஸை நான் வாங்க மாட்டேன். ஆனால் அதற்கு முன் இந்த வாரம் நான்கு எண்களைத் தாளில் எழுதுங்கள்: நேராக மேசையில் ஓட்டிய தகட்டின் நான்கு மூலைக் கனங்களில் பெரிய வித்தியாசம், பேரலல் மேல் நீளவாக்கில் டயல் காட்டியது, இறுக்கும்போது தாடை எழும்பியது, கம்பி வைத்து ஓட்டிய கட்டையின் கோணல். முதல் எண் மட்டும் மோசமாக இருந்தால் ரீகண்டிஷன் செய்பவரைக் கூப்பிடுங்கள், ஜிப்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மூன்றாவது மட்டும் மோசமாக இருந்தால் வைஸ் வாங்குங்கள், கம்பி இருப்பதால் அவசரமும் இல்லை. பழைய வைஸைக் காயலான் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். சுழலும் தட்டோடு டிரில்லிங் மெஷினில் பூட்டினால், அங்கே அது இன்னும் இருபது வருடம் உழைக்கும்.